பாயிரமில்லாப் பொருள்

முன்னர் அறியப்படாத நூலொன்று கையிற் கிடைக்குமாயின், கற்றறிந்தோர் அதன் பாடல்களுட் புகுமுன் பாயிரத்தைத் தேடுவர். செய்தவர் யாவர், எந்நூலின் வழித்தாக வந்தது, எந்நிலத்து வழங்கியது, பெயர் யாது, யாப்பு யாது, கூறும் பொருள் யாது, கேட்டற்குரியார் யாவர், கேட்டலாற் பயன் யாது என்னும் எட்டும், அவற்றோடு இயற்றப்பெற்ற காலம், அரங்கேறிய களம், இயற்றியதற்குக் காரணம் என்னும் மூன்றும் அறிவித்தல் சிறப்புப்பாயிரத்தின் தொழிலென நன்னூலார் வகுத்தனர். எத்துணை விரிந்ததாயினும் பாயிரம் பெறாததை நூலென்று கொள்ளார் என்பதும் அவர் கொள்கை. இவ்விதியுள் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பாயிரம் செய்தற்குரியார் நூலாசிரியரின் ஆசிரியர், உடன் கற்றோர், மாணாக்கர், உரைகாரர் என்னும் நால்வரே. நூலாசிரியர் தம்மைத் தாமே புகழ்ந்து செய்துகோடல் மரபன்று. பொருளைப்பற்றிய செய்தி பொருளினின்றும் வேறாயதொரு வாயில் வழியே வருதல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

இக்காலத்துக் கணிப்பொறி நூலார் இதனை மீதரவு என வழங்குவர். ஒரு தரவு யாரால், எவ்விடத்து, எக்காலத்து, எவ்வாறு பெறப்பட்டது என அறிவிக்கும் தரவே அவர் கூறும் மீதரவாம். பெயர் புதிது, பொருள் தமிழர்க்குப் பழையது. முன்பின் அறியாத ஒன்றன் தகுதியை ஓர்தற்கு இது துணையாகுமாறும், இதுவே மயக்கத்துக்கு ஏதுவாமாறும் ஈண்டு ஆராயப்படும்.

சிவஞானசித்தியாரின் அளவைப் பகுதி காட்சியை நிருவிகற்பம், சவிகற்பம் எனப் பிரிக்கும். பொருள் உண்டென்னும் அளவே தோன்றி, இன்னதெனத் துணிவு பிறவாத காட்சி முன்னையது. பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தோடும் கூட்டி இன்னதென உணர்வது பின்னையது. கண்ணும் பொருளும் இரண்டிடத்தும் ஒன்றே. உடன் வரும் அறிவே வேறு. இதனை நூற்பொருளளவில் கற்பார்க்கு இவ்வேறுபாடு நுண்ணிதாகத் தோன்றும். கையகத்துக் கல்லொன்றை வைத்துக்கொண்டு நோக்குவார்க்கோ பருப்பொருளாகவே விளங்கும். அத்தகைய கற்கள் மலிந்த மலையொன்று சேலத்துக்கு வடகிழக்கே உள்ளது.

சேர்வராயன் மலையின் மேல் ஏற்காட்டைச் சூழ்ந்த மலையூர்களுள் கொட்டச்சேடு என்பதும் ஒன்று. தேக்கங்காடும் காப்பித் தோட்டங்களும் உடையது. 1820-ஆம் ஆண்டையொட்டிச் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் இம்மலையிற் காப்பிப் பயிரைப் புகுத்திய பின்னர், காடு திருத்திக் குழி தோண்டுந் தொழில் மிக்கது. மண்ணைக் கிளறும் தொழில் மிகவே மண்ணுட் கிடந்தனவும் வெளிப்பட்டன. அவற்றுள் சில ஒருபுறம் கூர்த்தும் மறுபுறம் குவிந்தும் வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட கருங்கற்கள். இரும்பறியாத மக்கள் கோடரியாகப் பிடியிற் செருகி மரம் வெட்டியவை அவை. புதிய கற்காலத்தன எனப் பெயர் பெற்றவை. இம்மலையில் வாழும் மலையாளிகள் அவற்றைக் கண்டெடுத்துப் பிள்ளையார் கோயில்களிலும் மரத்தடித் தேவகோட்டங்களிலும் வைத்து வழிபட்டு வந்தமையைச் சென்ற நூற்றாண்டுகளில் இங்கு ஆராய்ந்தோர் குறித்துள்ளனர். (மலையாளிகள் என்னும் பெயர் கொண்டு இவரை மலையாள நாட்டினரென மயங்கற்க. மலையை ஆள்பவர் என்பதே பொருள், காஞ்சிபுரத்தினின்றும் போந்தோமென்பது இவர்தம் கன்னபரம்பரைச் செய்தி, மொழியும் தமிழே. பெயர்ச்சீட்டொன்றையே நம்புவார் தவறுமாறு இப்பெயரிலேயே காணலாம்.)

இனி, கொட்டச்சேட்டில் ஒருவர் காப்பிக்குழி தோண்டுங்கால் அத்தகைய கல்லொன்று அகப்படுகின்றதெனக் கொள்க. அக்கல்லைத் தனியே நோக்கி அறியலாவன சிலவே. இன்ன வகைக் கல்லாற் செய்யப்பட்டது, இவ்வளவு நீளமுடையது, வாய்ப்புறம் தேய்ந்துள்ளது, ஆகலின் தொழிற்பட்டது என்பனவே அவை. இது நிருவிகற்பத்தைச் சற்றே கடந்த நிலை. எவ்வளவு ஆழத்தில் எந்நிற மண்ணிற் கிடந்தது, அருகே பானையோடு இருந்ததா, கரி இருந்ததா, இரும்புத்துண்டு இருந்ததா, ஒன்றாய்க் கிடந்ததா பலவாய்க் குவிந்து கிடந்ததா என்பன கல்லினிடத்து இல்லை. அவை குழியினிடத்து இருந்தன. குழி மூடப்பட்டால் அவையும் மூடப்படும். எடுத்தவர் அன்றே ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதி வைப்பாராயின் கல் சான்றாகும். எழுதாராயின் அழகியதொரு கல்லாக எஞ்சும். 'சேர்வராயன் மலை' என்று மட்டும் எழுதுவாராயின் அதுவும் போதாது. பல ஊர்களும் ஓடைகளும் முகடுகளும் கொண்ட மலைத்தொடர் அது. கொட்டச்சேடு போலும் ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்திற் பலபடியாக எழுதும் வழக்கமும் உண்டாகலின், தமிழில் ஊர்ப்பெயரும், தோட்டத்தின் பெயரும், அண்மையிலுள்ள ஓடையோ கோயிலோ ஒன்றும் உடன் குறித்தலே நன்று.

இவ்வுண்மையைத் தமிழ்நாட்டில் முதன்முதற் கையாண்டு காட்டியவர் ஏற்காட்டிலே முதுமையைக் கழித்த ஒருவராதல் வியப்பன்று. ராபர்ட் புரூஸ் பூட் என்னும் அவர் 1834-இற் பிறந்து, 1858-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிற் சேர்ந்தார். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளைக்கல் எடுத்த குழியொன்றில் மனிதன் கையாற் கொத்தப்பெற்ற கல்லொன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் வில்லியம் கிங் என்பாருடன் கொற்றலையாற்றுப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் அத்தகையன பலவற்றைக் கண்டார். 1912-ஆம் ஆண்டு டிசம்பரிற் கல்கத்தாவில் காலமானார். ஏற்காட்டுத் தேவாலயத்தில் அவர் நினைவுக்குறி உளது.

இவர் பேர்சிவல் பாதிரியாரின் மருகர் என்பது சைவர்க்கு ஒரு தனிச் செய்தி. யாழ்ப்பாணத்தில் வெசுலியன் சங்கப் பாடசாலையில் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழ்ப்படுத்திய பேர்சிவலே அவர். பின்னர்ச் சென்னையிலிருந்து 1855 முதல் தினவர்த்தமானியை நடத்தி, 1882-இல் ஏற்காட்டிலே இறந்தார். அம்மொழிபெயர்ப்பு நெடுங்காலம் பேர்சிவல் பெயராலேயே வழங்கிற்று. நாவலர் அதன்கட் பட்ட உழைப்பு நாவலர் சரித்திரம் எழுதினோர் வாயிலாகவே பலர்க்கும் தெரியவந்தது. ஆக்கியோன் பெயர் என்னும் ஓருறுப்புக் குறைபடின் நூலின் வரலாறு எவ்வளவு திரியும் என்பதற்கு இது சான்று. நடையை நோக்கி நாவலர் கையை உணரவல்லார் உணர்ந்திருப்பர். ஏனையோர்க்கு முகப்பேடு ஒன்றே சாட்சி.

பூட் செய்த அருஞ்செயல் கல்லைக் கண்டதன்று. அத்தகைய கற்களை அவர்க்கு முன்னும் எத்தனையோ பேர் கண்டிருப்பர், மிதித்திருப்பர், சாலைக்குப் பரப்பியுமிருப்பர். கல் கிடந்த இடத்தையும், கிடந்த செம்பூராங்கற் படுகையின் இயல்பையும், அதன் மேலும் கீழும் உள்ள அடுக்குகளையும் வரைந்து, 1866-இல் வெளியிட்டமையே அவர் செயல். புவியியல் வல்லாராகலின் அடுக்கை நோக்குதல் அவர்க்கு இயல்பாயிற்று. கல் தொன்மையதென்பதற்குக் கல் சான்றன்று; அதனை மூடியிருந்த அடுக்கே சான்று. பின்னர் நாற்பதாண்டு தென்னாடும் கூர்ச்சரமும் திரிந்து 450-க்கு மேற்பட்ட இடங்களில் எடுத்தவற்றையெல்லாம் எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஊரும் வகையும் எழுதி வைத்தார். அத்தொகுதியைச் சென்னை அரசாங்கக் காட்சிச்சாலை 1904-இற் பெற்றது. அதன் அட்டவணை 1914-இலும், காலமும் பரப்பும் பற்றிய குறிப்புக்கள் 1916-இலும், அவர் மறைந்த பின்னரே அச்சேறின. சேர்வராயன் மலைக் கற்களும் அவ்வட்டவணையில் தத்தம் ஊர்ப்பெயரோடு இடம் பெற்றுள்ளன.

எழுதிவைத்ததன் பயன் நூற்றாண்டு கழித்து வெளிப்பட்டது. 1999-ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்பு என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் அத்திரம்பாக்கத்தை மீளவும் அகழ்ந்தனர். இடம் குறிக்கப்பட்டிருந்தமையால் அவர் அவ்விடத்துக்கே சென்று, பூட் கண்ட அடுக்குக்களை இக்காலக் கருவிகளால் அளந்தனர். அடியிலுள்ள கற்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுத் தொன்மையுடையன என்னும் முடிபு 2011-இலும், அதற்கு மேலடுக்கில் வேறொரு தொழில்முறை 3,85,000 ஆண்டுகட்கு முன்னரே தோன்றிற்று என்னும் முடிபு 2018-இலும் வெளிவந்தன. பூட் இவ்வெண்களுள் ஒன்றையும் அறியார். அறியுங் கருவியும் அவர் காலத்தில் இல்லை. ஆயினும் அவர் எழுதியது பின் வந்தார்க்கு வழியாயிற்று. நன்னூலார் 'வழி' என்றும் 'எல்லை' என்றும் கூறியவை கல்லுக்கும் பொருந்தியவாறு இது. ஊர்ப்பெயரின்றி அக்கற்கள் பெட்டியிற் கிடந்திருப்பின், எத்துணைச் சிறந்த கருவி வந்தும் பயனின்றாம்.

அற்றேல், கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்த மலைமக்கள் சான்றைக் கெடுத்தாரெனலாமோ எனின், அங்ஙனம் கூறுதல் அவசரக் கூற்றாம். கல் கிடந்த குழி மறைந்தது உண்மை. ஆயினும் அக்கல்லைத் தெய்வத்தன்மை உடையதெனக் கண்டு, உடையாமலும் எறியாமலும் காத்து, எண்ணெய் சாத்தி வழிபட்டதனாலன்றோ அது இன்றும் உளது? அன்றியும், மலையூர்க் கோயிலில் உள்ள கல் பெரும்பாலும் அவ்வூர்ப் புனத்திலோ அண்மையிலோ எடுத்ததாகவே இருத்தல் கூடும். மலைமேற் கிடைத்த கல்லை நெடுந்தொலைவு சுமப்பார் அரியர். ஆகலின் கோயிலே அக்கல்லுக்கு ஒருவாற்றாற் பாயிரமாகின்றது. குறைபட்ட பாயிரம், ஆயினும் பாயிரமே. அதனை விடுத்து, ஆர்வமுடைய ஒருவர் அக்கல்லை எடுத்துச்சென்று தம் இல்லத்துப் பேழையுள் எழுத்தின்றி வைப்பாராயின், முதலில் குழி போயிற்று, பின்னர்க் கோயிலும் போயிற்று. வழிபட்டவர் செய்ததினும் ஆராய்வார் எனப்படுவோர் செய்யும் கேடே பெரிது. கோயிற் கல்லைக் கோயிலிலேயே விட்டு, எவர் புனத்தில் எவர் எடுத்தாரென்பதை முதியோர் வாயிற் கேட்டெழுதுதலே தக்கது.

இனி, பாயிரம் இருந்துவிட்டாற் போதுமோ என்பது ஆராயத்தக்கது. பிரான்சு தேசத்தில் சோம் ஆற்றங்கரை அபேவில் என்னும் ஊரில் பூஷே த பெர்த் என்பவர் பல்லாண்டு கற்கருவிகளைத் தேடித் தொகுத்தார்; ஒருவரும் நம்பவில்லை. 1859-இல் இங்கிலாந்திலிருந்து பிரெஸ்ட்விச், எவன்ஸ் என்னும் இருவர் நேரிற் சென்று, அப்பக்கத்துச் சரளைக்குழியில் கல்லொன்று அடுக்கினுட் பதிந்து கிடக்குமாறே கண்டு, புகைப்படமும் எடுப்பித்தனர். அதன்பின்னரே உலகம் ஒப்புக்கொண்டது. நான்காண்டு கழித்து, பூட் பல்லாவரத்துக் கல்லைக் கண்ட அதே 1863-இல், அதே அபேவிலைச் சார்ந்த முலேன் கிஞோன் என்னுமிடத்தில் மனிதத் தாடையெலும்பொன்று கற்கருவிகளோடு கிடைத்தது. பூஷே பரிசு தருவதாகக் கூறியிருந்தமையால், குழித் தொழிலாளரே புதிய கற்களைக் கொத்திப் புதைத்துக் காட்டினர் என்பது பின்னர்த் துணியப்பட்டது. இடம் உண்மை, ஆள் உண்மை, அடுக்கும் உண்மை. பொருள் மட்டும் பொய். கற்களின் விளிம்பு தேயாது புதிதாயிருந்தமையே எவன்ஸ் போல்வார்க்கு ஐயம் விளைத்தது. 1912-இல் இங்கிலாந்திற் பில்ட்டவுன் என்னும் ஊரிற் கிடைத்ததாகக் காட்டிய மண்டையோட்டின் பொய்ம்மை வெளிப்பட 1953 வரை செல்ல வேண்டியதாயிற்று. அங்கும் எலும்பே தன் சீட்டை மறுத்தது.

ஆகவே பாயிரம் பொருளை விளக்கும். பொருளும் பாயிரத்தை அளக்கும். கருதலளவையும் உரையளவையும் ஒன்றையொன்று தாங்குமாறு போல்வது இது. சீட்டே இல்லாத கல் தன் பிறப்பிடத்தைத் தானே கூறியதும் உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைமேற் பதித்த கல்லை ஹாலந்து என்னும் புவியியலார் ஆராய்ந்து, அது சென்னைப் பரங்கிமலை, பல்லாவரப் பக்கத்துக் கல்லே எனத் துணிந்து, 1893-இல் அவர் பெயராலேயே சார்னகைட்டு எனப் பெயரிட்டார். சேர்வராயன் மலையின் பெரும்பகுதியும் அவ்வகைக் கல்லே. கொட்டச்சேட்டிற் கிடைத்த கோடரி மலைக்கல்லினும் வேறாய கல்லாற் செய்யப்பட்டிருப்பின், அக்கல் எங்கிருந்து கொணரப்பட்டது என்னும் வினா எழும். அவ்வினா எழுதற்கும் 'கொட்டச்சேடு' என்னும் ஒரு சொல் சீட்டில் இருத்தல் வேண்டும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு அண்மைக்காலத்து எடுத்துக்காட்டுண்டு. மயிலாடுதுறைக்கு அணித்தாகிய செம்பியன் கண்டியூரில் 2006-இல் ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தில் செடி நடக் குழி தோண்டியபொழுது தேய்த்த கற்கோடரியொன்று கிடைத்தது. அதன்மேற் கீறிய குறிகள் சிந்துவெளி எழுத்துக்களென ஐராவதம் மகாதேவன் கருதினார். அங்ஙனம் கொள்ளாதாரும் உளர். இருசாராரும் ஒருங்கே வருந்துவது, அக்கல் அகழாய்வில் அடுக்கு நோக்கி எடுக்கப்படாமையைக் குறித்தே. எடுத்தவர் மறையாது உரிய துறையினரிடம் சேர்ப்பித்ததும், ஊரும் தோட்டமும் ஆண்டும் தெளிவாயிருப்பதும் பெரும்பேறு. ஆயினும் காவிரிப் படுகையில் கல் இயற்கையாக இல்லையாகலின், அக்கோடரி எப்பொழுது அங்கு வந்தது, குறிகள் கல் செய்த காலத்தனவோ பிற்காலத்தனவோ என்பவற்றைக் குழியே கூறியிருத்தல் வேண்டும். கல்லின் குறிகளைக் குறித்து எத்துணை வாதம் நிகழ்ந்தும், அவ்வாதம் ஒரு முழ ஆழத்து மண்ணின் செய்தியின்மையாலேயே முடிவுறாது நிற்கின்றது.

கல்லிற் கண்ட இந்நெறி திருமுறைக்கும் ஆகமத்துக்கும் எவ்வாறு பொருந்துமென்பதே சைவர் உற்று நோக்கற்பாலது.

திருவிடைவாய்த் திருப்பதிகம் ஏடுகளில் இல்லாதது. 1917-இல் அத்தலத்துக் கோயிற் கல்வெட்டினின்றும் வெளிப்பட்டது. ஆயிரம் ஆண்டாக ஓதுவார் ஓதாத பதிகமொன்றைச் சம்பந்தர் திருவாக்கெனக் கொள்ளுதல் சிறு செயலன்று. ஆயினும் அறிஞர் ஏற்றனர். ஏற்றற்குக் காரணம் பாடலின் இனிமை மட்டுமன்று. இனிமை பிறராலும் செய்யக்கூடியதே. பாடப்பெற்ற தலத்தின் சுவரிலேயே இருந்தது. ஏடுபோல் இடம்பெயரக் கூடாத கல்லிற் பொறிக்கப்பட்டிருந்தது. திருக்கடைக்காப்பில் காழி ஞானசம்பந்தர் பெயர் அவர்தம் ஏனைப் பதிகங்களிற் போலவே அமைந்திருந்தது. களம், வாயில், ஆக்கியோன் பெயர் என்னும் மூன்றும் தம்முள் மாறுபடாது ஒன்றையொன்று தழுவி நின்றன. யாப்பும் பொருளும் அவற்றை மறுக்கவில்லை. ஆளுடைய பிள்ளையார் பதிகந்தோறும் இறுதிப் பாட்டில் தம் பெயரும் ஊரும் பயனும் வைத்தருளியமை பாயிரத்தைப் பாட்டினுள்ளேயே வைத்தவாறாம். ஏடு சிதைந்தாலும் பாட்டோடு அது போகாது.

இனி, கருத்து வேறுபாடு மிக்கதொன்று கூறப்படும். சிவஞானபோதத்தின் பன்னிரு சூத்திரங்களும் ரௌரவாகமத்தின் ஒரு படலமென்றும், மெய்கண்டதேவர் அதனைத் தமிழிற் செய்தருளினாரென்றும் கொள்வது ஆதீன மரபு; 18-ஆம் நூற்றாண்டில் மாபாடியஞ் செய்த சிவஞான முனிவரும் அவ்வாறே கொண்டனர். வடமொழிச் சூத்திரங்கட்குச் சிவாக்கிரயோகிகள் செய்த விரிவுரையும் உண்டு. தமிழே முதனூல், வடமொழி பின்னதென்பார் மற்றொரு சாரார். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் என். ஆர். பட் என்பவரைக் கொண்டு ரௌரவாகமத்தை ஏட்டுப்பிரதிகள் பல ஒப்புநோக்கி 1961, 1972, 1988 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதியாக வெளியிட்டபின் இவ்வாதம் மேலும் வலுத்தது. அப்பதிப்புக்குக் கிடைத்த ஏடுகளில் அச்சூத்திரங்கள் இல்லை.

இதனைக் கொண்டு மரபு பொய்த்ததென்று முழங்குவாரும், ஏடு குறைபட்டதென்று ஒரு சொல்லால் ஒதுக்குவாரும் ஒருதிறத்தாரே. இருவரும் சான்றின் எல்லையை நோக்கினாரல்லர். பட் கையாண்ட ஏடுகள் இன்ன இடத்து இன்னாரிடமிருந்து பெறப்பட்டன என்னும் குறிப்பு உள்ளமையால், அவை பெரும்பாலும் கோயிற் கிரியை நடத்துவோர் தம் தொழிற்கு வேண்டி எழுதி வைத்தவை என அறிதல் கூடும். கிரியைக்கு வேண்டும் படலங்கள் அவற்றில் நிரம்பியிருத்தலும், ஞானபாதத்துப் பகுதிகள் குறைதலும் இயல்பே. ஆகவே இன்மை இன்மைக்கு முழுச் சான்றாகாது. அதனாலேயே உண்மைக்குச் சான்றாகிவிடும் என்பதுமன்று. ரௌரவத்தின் ஞானபாதத்தை முற்றக் கொண்டதும், எழுதிய இடமும் எழுதினார் பெயரும் உடையதுமாகிய ஏடொன்றில் அச்சூத்திரங்கள் காணப்படின் வழக்குத் தீரும். அவ்வேட்டில் அவை இலவாயினும் பெரும்பாலும் தீரும்.

நூலின் சிறப்புப்பாயிரம் யாது கூறுகின்றது? நந்தி முனிவர் கணத்துக்கு அளித்த சிவஞானபோதத்தைப் பெண்ணையாற்று வெண்ணெயூர்ச் சுவேதவனர் உரைத்தார் என்று கூறுகின்றது. வழி கூறப்பட்டது, ஆக்கியோன் பெயரும் ஊரும் கூறப்பட்டன. ரௌரவம் என்னும் பெயர் அங்கில்லை. உரைத்தார் என்னுஞ் சொல்லைக் கொண்டு மொழிபெயர்த்தார் என்பாரும், தாமே அருளினார் என்பாரும் தத்தம் பொருளை நாட்டுவர். பாயிரம் அளவிற் சிறிது. அது சொன்னதையும் சொல்லாததையும் வேறுவேறு வைத்தல் வேண்டும். சொல்லாததைப் பின்வந்த உரையாசிரியர் கூற்றால் நிரப்புங்கால், அக்கூற்று அவ்வுரையாசிரியர் அளவையது என்று குறித்து நிரப்புதலே முறை. சிவஞான முனிவர் போன்ற ஆப்தர் வாக்கு மிக்க மதிப்புடைத்து. அதனாலேயே அவ்வாக்கு அவருடையதாக நிற்றல் வேண்டும். பாயிரத்தின் வாக்காக மாற்றி வழங்கப்படலாகாது. பிற்கால அச்சுப்பிரதிகள் சிலவற்றில் நூன்முகத்துக் குறிப்பும், உரைச்செய்தியும், பாயிரச்செய்தியும் ஒன்றாய்க் கலந்து நிற்பதால், முதன்முறை கற்பார் மூன்றையும் ஒரே சான்றாகக் கொள்கின்றனர்.

ஏட்டுச்சுவடிகளின் இறுதியில் எழுதினோர் வைக்கும் குறிப்புப் பற்றியும் ஒன்று சொல்லற்பாலது. இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன நாள், இன்னார் ஏட்டைப் பார்த்து இன்னார் எழுதி முடித்தது என்று இரண்டு வரியில் அது இருக்கும். பலவற்றில் ஆண்டு அறுபதாண்டு வட்டத்துப் பெயராலேயே குறிக்கப்படும். கொல்லமோ சகமோ உடனில்லையேல், ஒரே பெயர் அறுபதாண்டுக்கொருமுறை வருமாகலின் நூற்றாண்டு துணிதல் அரிது. எழுத்தின் வடிவும் ஓலையின் நிலையும் துணைசெய்தல் வேண்டும். பதிப்பித்தோர் பலர் நூலை மட்டும் அச்சிட்டு இவ்விரண்டு வரியை விடுத்தனர். பயன்பட்ட சுவடி பின்னர்ச் செல்லரித்தோ ஆற்றில் விடப்பட்டோ போகவே, அப்பதிப்பின் பாடம் எவ்வூர் ஏட்டினின்று வந்ததென்பது இனி அறியவாராது.

இக்காலத்தில் இக்குறை வேறுருவில் வருகின்றது. புதுச்சேரியிலுள்ள 11,000 அளவினவாகிய சைவ ஏட்டுப்பிரதிகளை யுனெஸ்கோ நிறுவனம் 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. அவை எண்ணும் இடமும் குறிக்கப்பட்டவை. இவையன்றி, இல்லங்களில் எஞ்சிய சுவடிகளைக் கைப்பேசியாற் படம்பிடித்து அன்பர்கள் ஒருவர்க்கொருவர் அனுப்புகின்றனர். படம் தெளிவாக வருகின்றது. ஓலை எவர் வீட்டது, கட்டில் எத்தனையாவது ஏடு, முன்னும் பின்னும் யாது இருந்தது என்பன வருவதில்லை. மூன்று கை மாறியபின் அனுப்பியவர்க்கும் தெரிவதில்லை. புதுப்பதிகம் கிடைத்ததென்று மகிழ்ந்து ஓதத் தொடங்குவாரும், போலியென்று இகழ்வாரும் அப்படத்தையே வைத்து வழக்கிடுகின்றனர். படம் பிடிப்போர் செய்யத்தக்கது மிக எளிது. கட்டின் மேற்சட்டத்தையும், ஏட்டின் இலக்கத்தையும், இறுதி ஓலையின் குறிப்பையும் முதலிற் படம்பிடித்து, உடையவர் இசைவு பெற்று ஊர்ப்பெயரும் நாளும் ஒரு தாளில் எழுதி அதனையும் ஓலையின் அருகே வைத்துப் படத்துள் அகப்படுத்தல் வேண்டும். தனியே எழுதிய குறிப்புப் படத்தைவிட்டு நீங்கும். படத்தினுள்ளேயே உள்ள எழுத்து நீங்காது.